வெள்ளிக்கிழமை மதியம் வரை

மார்சஷ்லோக்,
மால்டா,
அக்டோபர், திங்கள்கிழமை

அன்புள்ள தம்பி வீஸ்டினுக்கு, அக்கா செட்டினா எழுதிக்கொள்வது.

பிரஸ்ஸல்ஸில் நீயும் ரோமினாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பச்சைப் பொய். உன் அத்தானையும் படகில் கூட வேலை செய்கிற ஹமாமையும் தென்கடல் அக்கரைக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டு போய் இது மூன்றாவது வாரம். லம்பூகி மீன் கூட்டம் கூட்டமாக வரும் நேரம் இது. மற்றப் படகெல்லாம் பெட்டி பெட்டியாக இறக்குகின்றன. எங்கள் படகு கட்டும் இடம் மட்டும் விழுந்த பல் மாதிரி காலியாகக் கிடக்கிறது. என் மீன் கடைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் போட்டால் கூட்டத்தில் இருக்கிறேன் என்கிறாய், அதையும் ஆங்கிலத்தில் சொல்கிறாய். பெற்ற தாய் கற்றுக்கொடுத்த மொழி அந்த ஊர்க் குளிரில் உறைந்துபோய்விட்டதா? இன்னொரு காரணமும் உண்டு. தலைநகரிலிருந்து என்னைப் பார்க்க வருகிற வெளியுறவுத் துறை அதிகாரி டெஸ்மண்ட், போனில் எதையும் பேசாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தான் அக்கா" என்று சிரித்தார். அந்த எல்லாரிலும் அவரும் சேர்த்தி என்று எனக்குப் பட்டது. அதனால்தான் விமானத்தில் வேலை செய்கிற நம் டோரிஸின் கையில், கலெட்டி பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடு.

இந்த டெஸ்மண்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். சனிக்கிழமை வந்தார். கையில் பெரிய கடையில் வாங்கிய இனிப்புத் தட்டு. கெட்ட செய்தி கொண்டுவருகிறவன்தான் இனிப்போடு வருவான், இல்லையா? நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, நம் ஆள் சீக்கிரம் வந்துவிடுவார் என்று வெண்ணெய் தடவிப் பேசினார். "நம்ம ஆளுன்னா யாரு? படகுல ரெண்டு பேரு போனாங்க. ஹமாம் எகிப்துக்காரன்னு கணக்குல விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கிளம்பும்போது, "இந்த வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பத்திரிகைக்காரங்க, டிவிக்காரங்க யாருகிட்டயும் வாய் திறந்துடாதீங்க" என்றார். அப்புறம் வாசல்வரை போனவர் திரும்பி, ஏதோ மறந்துபோய்க் கேட்பது மாதிரி, "தம்பி ஏதாவது சொன்னாரா?" என்றார்.

அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது. வெள்ளிக்கிழமை என்ன? அதுவும் ஏன் மதியம்?

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் மேசையில் உட்கார்ந்து நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அறிக்கை விட வேண்டுமானால் எல்லா நாட்டுக்கும் எழுத்தைச் சுற்றுக்கு அனுப்புவார்கள், ஒரு கெடு வைப்பார்கள், அதுவரை யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், எவ்வளவு சின்ன நாடாக இருந்தாலும் ஒருத்தர் பேசிவிட்டால் போதும், மொத்தமும் நின்றுவிடும் என்றாய். உன் அத்தான் முயல்கறியைக் கரண்டியில் பிடித்தபடியே, "அப்போ இந்த வீட்டுல நான்தான் மாப்ளே அந்தச் சின்ன நாடு. ஆனா நான் வாய் திறந்து இதுவரைக்கும் ஒண்ணும் நின்னதில்ல" என்றாரே, ரோமினாகூட சிரித்தாளே. நீ அதோடு நிறுத்தவில்லை. "எங்களை மாதிரி நாடு மாட்டேன்னு சொன்னா முறைப்பாங்க அத்தான். இன்னும் புரியலன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா நாங்க பொழைச்சோம்" என்றாய். அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை படித்தது முட்டாள் வேஷம் போடவா என்று நினைத்தேன்.

இப்போது மீன் வியாபாரி நேனுவிடம் போனேன். அவனுக்கு அக்கரையிலும் கொள்முதல் உண்டு, ஆட்கள் உண்டு. அவன் சொன்னதைக் கேள். அந்தக் கரையைக் கையில் வைத்திருக்கிற தளபதியைக் கண்டித்து ஒன்றியம் ஓர் அறிக்கை தயார் செய்திருக்கிறதாம். அவருக்கும் அது தெரியுமாம். தன் பெயர் போட்டு அந்தக் காகிதம் வெளியே வந்தால், மால்டாக்காரப் படகும் ஆளும் ஊர் திரும்புவதை மறந்துவிடச் சொல்லுங்கள் என்று அவருடைய ஆட்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது வராவிட்டால், அவருக்கும் நல்ல பேர் தேவைப்படுகிறது, விட்டுவிடுவார் என்கிறான் நேனு.

அந்தக் காகிதம் வருகிற மேசையில் நம் நாட்டுக்காக உட்கார்ந்திருப்பது நீ. என் புருஷன் வீடு வருவதும் வராததும் உன் வாயில் இருக்கிறது. அப்படியிருக்க, இத்தனை நாளில் இதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இரண்டு வரி எழுது, நம் மொழியில்.

உன் அக்கா,
செட்டினா


மார்சஷ்லோக்,
புதன்கிழமை

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. டோரிஸ் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டச்சு செய்த மூன்று வரி. அதுவும் ஆங்கிலத்தில்! கடிதம் கிடைத்தது, பொறுமையாக இரு, எக்காரணம் கொண்டும் பத்திரிகையிடமோ டிவியிடமோ பேசாதே. கீழே கையெழுத்துகூட இல்லை. கூடப்பிறந்தவளுக்கு எழுதுகிற லட்சணமா இது? டெஸ்மண்ட் என் எதிரில் உட்கார்ந்து பேசியதை அப்படியே நீ காகிதத்தில் பேசியிருக்கிறாய். ஒருவேளை அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாயோ என்றுகூடத் தோன்றிவிட்டது. டோரிஸிடம் உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "டின்னை வாங்கிட்டு வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாருக்கா. காப்பி குடின்னுகூடச் சொல்லல" என்றாள். வந்தவர்களை உட்காரச் சொல்லாத வீடு நம் வீட்டில் எப்போது இருந்தது?

பொறுமையாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று மீன் பொட்டலம் கட்ட எடுத்த பத்திரிகையில் உன் படம். கழுத்துப் பட்டையும் சிரிப்புமாக இருக்கிறாய். ஒன்றியத்தின் தென்கடல் விவகாரங்களுக்குச் சிறப்புத் தூதர் நியமிக்கப் போகிறார்களாம், சின்ன நாட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சாம், உன் பெயர் முன்னணியில் இருக்கிறதாம், பெரிய நாடுகளின் ஆதரவு முக்கியமாம். அந்தப் பெரிய நாடுகள்தானே இந்த அறிக்கையை எழுதியவை? இப்போது நீ வாய் திறந்தால் அந்த நாற்காலி உனக்கு உண்டா?

சொல்லு வீஸ்டின், அதுதானா? நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் ஒரு வார்த்தை சொல், உன் காலில் விழுகிறேன். ஆனால் எல்லாம் பொருந்திப் பொருந்தி வருகிறதே. நீ சின்ன வயதிலேயே ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் துறைமுகத்து மீன் வாடை உனக்கு ஆகாமல் போனது. ஆங்கிலம் பேசுகிற பணக்காரர்கள் ஊரான ஸ்லீமாவில் பெண் எடுத்தாய். கல்யாணத்தில் எங்களை மூலை மேசையில் உட்கார வைத்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் பிள்ளைகளுக்கு அத்தை என்று நம் மொழியில் கூப்பிட வராது, பரவாயில்லை என்று நானே இரண்டு ஆங்கில வார்த்தை கற்றுக்கொண்டேன். உன் அத்தான்தான், "விடு செட்டினா, அவன் பெரிய மீன்களுக்கு நடுவுல நீந்துறான், செதிலை மாத்திக்கிட்டுத்தான் ஆகணும்" என்று உனக்குப் பரிந்து பேசுவார். உனக்குப் பரிந்து பேசிய மனுஷன் இப்போது எந்தக் கொட்டடியில் உட்கார்ந்திருக்கிறாரோ. சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை.

இன்று காலை டெஸ்மண்டுக்கு நானே போன் போட்டேன். வெள்ளிக்கிழமை என்ன என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அக்கா, ஒரு படகுக்காக ஒன்றியத்தையே நிறுத்தி வைக்க முடியுமா? அவங்ககிட்ட நமக்கு ஆயிரம் காரியம் இருக்கு. நாங்க வேற வழியில பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். அப்படியானால் உனக்கு வந்திருக்கிற உத்தரவு வாயை மூடிக்கொள் என்பதுதானே? உத்தரவும் அதுவே, உன் ஆசையும் அதுவே. உனக்கு நல்ல வசதி!

நான் முடிவு செய்துவிட்டேன். பேசாதே என்றாயே, பேசப் போகிறேன். டிவிக்காரப் பெண்ணை நாளை துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் படகு கட்டும் இடத்தில் நின்றுகொண்டு ஊர் உலகம் கேட்கச் சொல்வேன். அதற்குமுன் நீ ஏதாவது சொல்ல வேண்டுமானால் டோரிஸிடம் சொல். அவள் நாளைக் காலை விமானத்தில்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவாள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பயத்தில் எழுதுகிறேன்.

செட்டினா


மார்சஷ்லோக்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி வீஸ்டினுக்கு,

உன் அத்தான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். இத்தனை வருஷம் அந்தக் குறட்டையைத் திட்டியிருக்கிறேன், இன்று கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஹமாமும் வந்துவிட்டான். அவனை விடாமல் நான் ஏறமாட்டேன் என்று உன் அத்தான் படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டாராம். இருவரும் இளைத்திருக்கிறார்கள். மற்றபடி குறையில்லை. அடிக்கவில்லை என்கிறார். நம்பலாமா என்று தெரியவில்லை, குளிக்கும்போது முதுகைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. டோரிஸ் வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும். வியாழக்கிழமை மாலை டிவியில் நான் பேசியதை நீ பார்த்திருப்பாய். "என் தம்பி ஒரு நாற்காலிக்காக வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அவனுக்கு அக்காவும் இல்ல, அத்தானும் இல்ல" என்று சொன்னேன். அதை நான்கு தடவை போட்டார்கள். ரொட்டிக் கடையில் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், பெரிய வீராங்கனை மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியம் கடைப் பலகை முன்னால் ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு செய்தியும் இல்லை. சாயங்காலம்தான் வந்தது, அதுவும் விளையாட்டுச் செய்திக்கு முன்னால், சிரிப்புச் செய்தியாக. கெடு முடிகிற நேரத்தில் ஒரே ஒரு நாடு ஆட்சேபணை சொல்லிவிட்டதாம். எதற்கு? அறிக்கை தன் மொழியில் இன்னும் கைக்கு வரவில்லையாம், படிக்காத காகிதத்துக்கு எப்படி ஒப்புதல் தருவது என்று கேட்டதாம். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுகிற ஊரிலிருந்து போய் இப்படிக் கேட்கிறார்களே என்று மற்ற நாட்டுத் தூதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். ஆனால் சட்டம் சட்டம்தானே. மொழிபெயர்ப்பாளர்கள் பற்றாக்குறை. ஒரு வாரம் தள்ளிப்போனது.

கடைக்கு எதிரே, ஊர் ஆண்கள் கூடுகிற வாத்தியக் குழு மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கனவுகூட இங்கிலீஷ்ல காணுற ஆளு, அவனுக்கு நம்ம மொழியில வேணுமாம்!" என்றான் ஒருவன். நானும் சிரிக்கத்தான் வாய் திறந்தேன். அப்போது உன் குரல் காதில் கேட்டது. மாட்டேன் என்றால் முறைப்பார்கள், புரியவில்லை என்றால் சிரிப்பார்கள். அப்படியே கருவாட்டுக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏன் இந்த அக்கா அழுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

தளபதிக்கு அந்த ஒரு வாரம் போதுமாக இருந்தது. தன்னைப் பற்றி ஒன்றும் வராததைப் பார்த்து, கருணை காட்டுகிறேன் என்று படம் எடுத்துக்கொண்டு இவர்களை அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை நம் மொழியிலும் வந்தது. படித்தேன். ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், வேண்டியதுதான். யாரும் எதையும் இழக்கவில்லை, உன்னைத் தவிர. நாற்காலி வேறு நாட்டுக்காரருக்குப் போய்விட்டது என்று பத்திரிகையில் பார்த்தேன். உன்னை அந்த மேசையிலிருந்து எடுத்து, கூட்டங்களுக்கு அறை ஒதுக்குகிற வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று டோரிஸ் சொன்னாள்.

டெஸ்மண்ட் மறுபடியும் வந்தார். மறுபடியும் இனிப்புத் தட்டு. எல்லாம் நாங்கள் ரகசியமாகப் போட்ட திட்டம், வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றார். அன்று காலைப் பத்திரிகையில் அவருடைய அலுவலகம், அது ஓர் அதிகாரியின் சொந்தத் தவறு, வருந்துகிறோம் என்று சொல்லியிருந்தது. "திட்டமா, தவறா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். போய்விட்டார். தட்டை மட்டும் உன் அத்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

அதே பத்திரிகையில் இன்னொன்றும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. அந்த அதிகாரி மொழிபெயர்ப்பு வேண்டும் என்று புதன்கிழமையே எழுத்தில் கேட்டிருந்தாராம், யாரும் கண்டுகொள்ளவில்லையாம். புதன்கிழமை! நான் உன்னை நாற்காலிக்காரன் என்று எழுதிக்கொண்டிருந்த அதே நாள். டிவியில் உன் மானத்தை வாங்குவதற்கு முந்தின நாள். நீ அப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டிருக்கிறாய். என்னிடம் சொல்லியிருந்தால் நான் நேனுவிடம் சொல்லியிருப்பேன், அவன் துறைமுகத்துக்கே சொல்லியிருப்பான், டெஸ்மண்ட் உன் கையைக் கட்டியிருப்பார். அதனால்தான் அந்த மூன்று வரி, அதனால்தான் டோரிஸுக்குக் காப்பி இல்லை. இவ்வளவும் இப்போது புரிகிறது.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை, அதை உன்னிடமே கேட்கிறேன். உன் அத்தான்தான் இதைக் கிளப்பிவிட்டார். சொந்த அக்காவே டிவியில் உன்னைத் துரோகி என்று சொன்ன பிறகு, நீ அத்தானுக்காகத்தான் தடுத்தாய் என்று எவனுக்குச் சந்தேகம் வரும்? எல்லாரும் உன்னை மொழிப் பைத்தியம் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். "உன்னைப் பேசாதேன்னு எழுதினானே, அப்படிச் சொன்னா நீ கண்டிப்பா பேசுவேன்னு உன் தம்பிக்குத் தெரியாதா செட்டினா? நாலு வயசுலேர்ந்து உன்னைப் பார்க்கிறவன்!" என்கிறார். நிஜமா வீஸ்டின்? தெரிந்துதான் அப்படி எழுதினாயா? என்னையும் ஒரு துருப்புச் சீட்டாக வைத்து ஆடினாயா? ஆடியிருந்தால் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷப்படுவேன். ஆடவில்லை என்றால், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உன் மேல் நேராக விழுந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிகிறது. சரி, உங்கள் வழக்கப்படியே செய்கிறேன். கீழே ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். இதைச் சுற்றுக்கு விட்டாயிற்று, உன் அத்தான் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

சான் மார்ட்டின் திருநாளுக்கு வீஸ்டினும் ரோமினாவும் பிள்ளைகளும் மார்சஷ்லோக் வருவார்கள். பிள்ளைகளுக்குக் கொட்டைப் பருப்பும் பழமும் நிறைத்த துணிப் பை தைத்து வைத்திருக்கிறது. லம்பூகியை மாவுக்குள் வைத்துச் சுட்டு மேசை நடுவில் வைக்கப்படும், மூலை மேசை கிடையாது. அக்காள் தம்பியைத் தவறாக நினைத்தாள் என்பதும், தம்பி அக்காளிடம் மறைத்தான் என்பதும் இந்த மேசையில் ஒரே ஒரு தடவை பேசப்படும். அதன்பின் யாரும் பேசமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை உனக்குக் கெடு. ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல். சொல்லாவிட்டால் நீ சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் பக்கத்து வீட்டு ஸ்பிருவை வண்டியோடு அனுப்பிவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க நம் மொழியில், என் கையால் எழுதியது. படிக்க வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும் அக்கா,
செட்டினா